ஆரஞ்சுச் சுவரில் நாற்பத்து மூன்று இலைகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எங்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரிலிருந்து வந்தது. சுவரில் வரைந்தவள் என் மனைவி துர்ரா. அதைக் கெடுத்தவன் நான். கதை என்று பார்த்தால் இவ்வளவுதான். அவசர வேலை இருப்பவர்கள் இதோடு எழுந்து போகலாம்.

எழுந்து போகாதவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் நாபுல் ஊர்க்காரன். இருபத்தாறு வருடமாகப் பள்ளிப் பாடநூல்களுக்குப் பிழை திருத்திச் சாப்பிடுகிறவன். மீதி நேரத்தில் கதை எழுதுவேன். என்னை எழுத்தாளன் என்று சொல்பவர்கள் இந்த ஊரில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் நான். மற்றவர் போன வருடம் மாற்றலாகிப் போய்விட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் எழுதும் தாள்கள் சமையலறை மேசையில் கிடக்கும். துர்ரா காபி குடித்துக்கொண்டே அவற்றைப் படிப்பாள், ஓரத்தில் ஆரஞ்சு பென்சிலால் எதையாவது கிறுக்குவாள். அவள் எழுதியவற்றைச் சதுர அடைப்புக்குறிக்குள் அப்படியே விட்டிருக்கிறேன். நீக்கியிருக்கலாம். ஆனால் அவள் போட்ட கோட்டில் கைவைத்த அனுபவம் ஒருமுறை போதும் என்று விட்டுவிட்டேன்.

2

இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள் பதினொன்று. வாசகரின் பொறுமையைக் கருதி மூன்றை மட்டும் காட்டுகிறேன்.

தொடக்கம் ஒன்று: "சூஸ் நகரத்தின் புகழ்பெற்ற பல் மருத்துவர் லமீன், அன்று காலை ஒரு வெள்ளைச் சுவரைக் கனவில் கண்டு"

எதற்குப் பல் மருத்துவர் என்று கேட்பீர்கள். குற்றத்தை வேறு ஊருக்கும் வேறு தொழிலுக்கும் மாற்றிவிட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும். தவிர, பல் மருத்துவருக்கு வெள்ளைதான் சரி என்று தோன்றுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு அதுகூட இல்லை.

[ஆரஞ்சு பென்சில்: பல் டாக்டர் பாவம், அவர் என்ன பண்ணினார்? பண்ணினவன் பேரைப் போடு.]

தொடக்கம் இரண்டு: "நாபுல் நகரின் மீது வசந்தம் மெல்ல மெல்ல" — போதும். இந்த வசந்தத்தை இருபத்தாறு பாடநூல்களில் நானே திருத்தி அனுப்பியிருக்கிறேன்.

தொடக்கம் மூன்று: "ஆரஞ்சு என்பது ஒரு நிறமா, பழமா, அல்லது மனித மனத்தின்"

[மனித மனத்தின் என்ன? எனக்கும் தெரியணும்.]

எனக்கும்தான். மூன்று நாள் காத்திருந்தேன், வாக்கியம் நகரவில்லை.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். "நான்" என்று எழுதினால் இரண்டாவது பத்தியிலேயே எனக்கு என்மீது இரக்கம் வந்துவிடுகிறது. ஆகவே இனி "அவன்". பெயர் ரவூஃப். அது என் பெயரும்தான், ஆனால் கொஞ்சம் தள்ளி நிற்கட்டும். துர்ராவுக்கு வேறு பெயர் வைக்கலாமா என்று கேட்டதற்கு அவள் ஒப்பவில்லை. "வேற பேரு வச்சா, நான் வரைஞ்சது வேற எவளுக்கோ போயிடும்" என்றாள்.

3

துர்ரா பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருடமாக ஓவிய ஆசிரியை. போன குளிர்கால விடுமுறையின் முதல் நாள், ரவூஃப் ரொட்டி வாங்கப் போயிருந்த நேரத்தில், அவள் சோபாவை நடுக்கூடத்துக்கு இழுத்துப் போட்டாள். அவன் திரும்பி வந்தபோது வாசலுக்கு எதிர்ச்சுவர் முழுக்க ஆரஞ்சு நிறமாக இருந்தது. நாபுலில் சுவர் வெள்ளை, கதவு நீலம். அதைக் கேள்வி கேட்டவர்கள் கிடையாது.

"இது அடிப்பூச்சா?" என்று கேட்டான்.

"இல்ல, இதான் நிறம்."

"கண்ணைக் குத்துதே."

"நல்லது. இத்தனை வருஷத்துல இந்தச் சுவத்தை இப்பதான் நீ பார்த்திருக்க."

அடுத்த இரண்டு மாதத்தில் அந்த ஆரஞ்சின் மேல் ஒரு மரம் ஏறியது. தரையில் தொடங்கிக் கூரை வரை போனது. மின்விளக்கின் சுவிட்ச் ஒரு பழத்துக்குள் வந்து உட்கார்ந்தது. ஒரு கிளை மூலையில் வளைந்து பக்கத்துச் சுவரில் ஏறி, கதவுக்குப் பின்னால் போய் நின்றது. மரத்துக்குப் பின்னால் இருந்த ஆரஞ்சு மேலே வெளுத்தும் கீழே கனிந்தும் சாயங்கால வெயிலாக மாறிவிட்டிருந்தது. ரவூஃபின் அக்கா நஸீஹா வந்து பார்த்துவிட்டு, "இது வீடா, பழக்கடையா? கிலோ என்ன விலை?" என்று கேட்டாள். கேட்டவள் வழக்கமாகக் கால்மணி நேரத்தில் கிளம்புகிறவள். அன்று இரண்டு மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

(இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்கிறேன். ரவூஃபுக்கும் அந்தச் சுவர் பிடித்திருந்தது. காலையில் விளக்கைப் போடும் சாக்கில் அந்தப் பழத்தைத் தொட்டுப் பார்ப்பான். இதை அவன் துர்ராவிடம் சொல்லவில்லை. இருபத்தாறு வருடமாக யாருக்கும் "இந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது" என்று எழுதி அனுப்பிப் பழக்கமில்லாதவன்.)

[இதை இப்பதான் எனக்கே சொல்ற.]

யாரோ சுவரைப் படம் பிடித்தார்கள். படம் கைக்குக் கை போய் ஹம்மாமெத்தில் விருந்தினர் இல்லம் நடத்தும் லல்லா ஸகிய்யா என்ற அம்மாளிடம் சேர்ந்தது. அவர் தொலைபேசியில் அழைத்தார். அவர் குரல் பெரிது, ரவூஃபுக்கும் கேட்டது.

"மகளே, எங்கிட்ட ஆறு அறை இருக்கு. ஆறும் ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளையா கிடக்கு. படத்தை நம்ப மாட்டேன், கண்ணால பார்க்கணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் வர்றேன். பிடிச்சா ஆறும் உனக்குத்தான்."

அன்று துணி மடித்துக்கொண்டே துர்ரா சொன்னாள்: "பத்தொன்பது வருஷமா ஊரார் பிள்ளைங்க வரைஞ்சதுக்கு மார்க் போட்டேன். ஒருதடவை எனக்கு யாராவது போடட்டும்." சொல்லிவிட்டு, மடித்த துணிகளையே பிரித்து மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தாள்.

4

இப்போது குற்றம்.

மார்ச் மாதம் பிறந்திருந்தது. நாபுலில் மார்ச் என்றால் பூ. கசப்பு நாரஞ்சு மரத்தின் வெள்ளைப் பூவை எடைபோட்டு வாங்கி, வீட்டுக்கு வீடு செம்புப் பாத்திரத்தில் காய்ச்சிப் பூநீர் இறக்குவார்கள். ரவூஃப் பூத்தரகர் வீட்டில் பிறந்தவன். கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலால் தடவியே நாரஞ்சு இலையைச் சொல்லிவிடுவான். அதன் காம்பில் அகலமாக ஒரு இறக்கை இருக்கும், பெரிய இலைக்கு அடியில் ஒரு குட்டி இலையை ஒட்டவைத்தது போல. உலகத்தில் வேறு எந்த விஷயத்திலும் அவனுக்கு இவ்வளவு உறுதி கிடையாது.

புதன்கிழமை காலை துர்ரா பள்ளிக்குப் போன பிறகு, அவன் காபிக் கோப்பையோடு சுவர் முன்னால் நின்றான். அப்போதுதான் கண்ணில் பட்டது. இலைகளுக்கு இறக்கை இல்லை.

ஒரு இலைக்கு இல்லாவிட்டால் கைதவறிவிட்டது என்று சொல்லலாம். எந்த இலைக்கும் இல்லை. லல்லா ஸகிய்யாவும் நாபுலில் பிறந்து ஹம்மாமெத்தில் வாழ்க்கைப்பட்டவர்தான் என்று கேள்விப்பட்டிருந்தான். அந்த அம்மாள் வந்து நின்று, இறக்கை இல்லாத நாரஞ்சு மரத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டால்?

அவன் பள்ளிக்கூடத்துக்குத் தொலைபேசியில் பேசியிருக்கலாம். அவள் திரும்பும் இரண்டு மணி வரை பொறுத்திருக்கலாம். ஆனால் பிழை திருத்துகிறவன் எழுதியவரைக் கேட்டுவிட்டா திருத்துகிறான்? அவன் திருத்தும் பாடங்களை எழுதியவர்களில் பாதிப் பேர் செத்துப்போய்விட்டார்கள். யாரும் எழுந்து வந்து சண்டை போட்டதில்லை.

தெருமுனையில் அம் ஹஸீனின் பெயிண்ட் கடை.

"ஒரு சின்ன டப்பா பச்சை குடுங்க, அம் ஹஸீன்."

"கதவுக்கா, ஜன்னலுக்கா?"

"இலைக்கு."

அம் ஹஸீன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "இலைக்குப் பச்சை துர்ரா போன மாசமே வாங்கிட்டுப் போனாளே. நாலு பச்சை வாங்கிக் கலந்து கலந்து பார்த்தா. நீ எந்தப் பச்சையைக் கேக்குற?"

"சாதாரணப் பச்சை."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. வந்து பார்த்து ஆச்சரியப்படட்டும்னு."

"படுவா," என்று சொல்லி அம் ஹஸீன் டப்பாவைக் கட்டிக் கொடுத்தார்.

அவன் தூரிகையைக் கையில் எடுத்தபோது அவன் நெஞ்சில் மனைவியின் மீது இருந்த அளவில்லாத அன்பு

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். தொடங்கியதற்கே வெட்கமாக இருக்கிறது. அன்பு இருந்தது, பொய்யில்லை. ஆனால் தூரிகையைத் தூக்கியது அது இல்லை. பிழையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற குஷி தூக்கியது.)

வலது பக்கக் கீழ்க்கிளையிலிருந்து ஆரம்பித்தான். துர்ராவின் ஆகச் சிறிய தூரிகை. ஒவ்வொரு காம்பிலும் ஒரு இறக்கை. நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டான். தொழில் பழக்கத்தில் எண்ணிக்கொண்டே வந்தான். மதியம் ஒரு மணிக்குள் நாற்பத்து மூன்று. எட்டி நின்று பார்த்தபோது, ஜன்னலுக்கு அடிக்கிற பச்சை ஜன்னலுக்கு அடிக்கிற பச்சையாகவே தெரிந்தது. காய்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தான். அன்று காலை அவன் ரொம்ப சந்தோஷமாக இருந்தான் என்பதையும் நான் சொல்லியே ஆக வேண்டும்.

5

துர்ரா இரண்டேகாலுக்கு வந்தாள். தோளில் பை, கையில் ரொட்டி. பையை இறக்கவில்லை.

"சுவத்துக்கு என்ன ஆச்சு?"

"இறக்கை."

"என்ன இறக்கை?"

"இலைக்கு. நீ விட்டுட்ட. பரவாயில்ல, யாருக்கும் வர்றதுதான். நாப்பத்து மூணு போட்டுட்டேன். மிச்சத்தை சாயங்காலத்துக்குள்ள..."

"ரவூஃப், இது என்ன மரம்?"

"நாரஞ்சு."

"யார் சொன்னா?"

"இதை ஒருத்தர் சொல்லணுமா? சுவத்துல மரம்னு வரைஞ்சா வேற எதை வரைவாங்க?"

"நான் எந்த ஊருல பொறந்தேன்?"

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் ஆன ஒருவனிடம் இந்தக் கேள்வி வந்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

"மன்ஸில் பூஸல்ஃபா."

"அங்க என்ன விளையுது?"

ரவூஃப் வாயைத் திறந்தான். மன்ஸில் பூஸல்ஃபா, பங்கு டாக்ஸியில் அரை மணி நேரத் தூரம். பாதை முழுக்க இருபுறமும் இனிப்பு ஆரஞ்சுத் தோப்பு. மாமனார் வீட்டிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் இரண்டு பெட்டி வரும். அந்தப் பழங்களைச் சமையலறையில் நின்றபடியே, முழங்கை வரை சாறு வழிய, ஒரே மூச்சில் ஆறு தின்கிறவன் அவன்.

"இனிப்பு ஆரஞ்சு," என்றான்.

"அந்த இலைக்கு இறக்கை உண்டா?"

"இல்ல. இருக்கும், ஆனா நூல் மாதிரி..."

"நூல் மாதிரி. கிட்ட போய்ப் பாரு."

அவன் கிட்டப் போனான். அவன் கைபடாத இலை ஒன்றைப் பார்த்தான். காம்பின் இரண்டு பக்கமும், இளம்பச்சையில், மயிரிழைக் கோடு ஒன்று ஓடியது. அடுத்த இலைக்கும் இருந்தது. அதற்கடுத்த இலைக்கும் இருந்தது. இரண்டு மாதம் தினமும் சுவிட்சைத் தொட்டவன், இத்தனை அருகில் ஒருநாளும் பார்த்ததில்லை.

"எல்லா இலைக்கும் போட்டிருக்கேன்," என்றாள் துர்ரா. "நாப்பத்து மூணுல மட்டும் உன் பச்சைக்கு அடியில இருக்கு."

"எனக்கு எப்படித் தெரியும்..."

"கேட்டிருக்கலாம்ல?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனும் பதிலுக்குக் கத்திச் சமாளித்திருப்பான். அவன் சோபா ஓரத்தில் வைத்திருந்த தூரிகையை எடுத்தாள். மயிர் காய்ந்து விறைத்திருந்தது. அதைக் கொண்டுபோய்க் குழாயடியில் வைத்து வெகுநேரம் கழுவினாள்.

"நாளைக்கு ஒருநாள் இருக்கு. நீ நினைச்சா சரி பண்ணிடலாம்," என்றான் அவன்.

"உங்க பிழையைத் திருத்துறது என் வேலை இல்ல. வெள்ளிக்கிழமை அந்த அம்மாவுக்கு நீங்களே சுவத்தைக் காட்டுங்க, சீதி ரவூஃப்."

'சீதி' என்பது, பெண்களுக்கு 'லல்லா' போல, எங்கள் ஊரில் பெரிய மனிதர்களுக்குப் போடுகிற மரியாதை. எங்கள் வீட்டில் அது தண்ணீர் வரி வசூலிக்க வருபவருக்கும், இப்படிப்பட்ட நாட்களில் எனக்கும் உரியது.

6

வியாழக்கிழமை முழுக்க ரவூஃப் ஈரத்துணியோடு சுவரில் போராடினான். பச்சை போகவில்லை. பரவியது. இரண்டு பழங்களுக்கு மீசை முளைத்தது. அதோடு நிறுத்திக்கொண்டான்.

கதையை எழுதும்போதும் இங்கேதான் நின்றுபோனேன். வெள்ளிக்கிழமைக்குள் போக எனக்குத் தைரியமில்லை. ஆகவே வேறு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: லல்லா ஸகிய்யா வருகிறார். பச்சை இறக்கைகளைப் பார்த்துச் சொக்கிப் போகிறார். "இதுதான் கலை!" என்கிறார்.

[அந்த அம்மா நாபுல்காரி. ஒரே கிளையில ரெண்டு மரத்து இலையைப் பார்த்தா கலைன்னு சொல்ல மாட்டாங்க, கண் டாக்டரைப் பார்க்கச் சொல்லுவாங்க.]

முடிவு ஆ: இதை எழுதியபோது எனக்கே கண்ணீர் வந்தது. கொஞ்சம் விளக்க வேண்டும். இனிப்பு ஆரஞ்சை யாரும் நேராக நடுவதில்லை. கசப்பு நாரஞ்சின் அடிமரத்தில் ஒட்டுப்போட்டுத்தான் வளர்க்கிறார்கள். வேர் நாபுல், கிளை மன்ஸில். ஆகவே என் கதையில் ரவூஃப் மண்டியிட்டு, அடிமரத்தில் ஒட்டுப்போட்ட தழும்பை வரைகிறான். அதற்குக் கீழே தன் இறக்கை இலைகள், மேலே அவளுடைய இலைகள். துர்ரா வந்து பார்க்கிறாள். ஒரே மரத்தில் இருவரும். அவள் கை அவன் தோளில் விழுகிறது. பக்கத்து வீட்டில் பூநீர் மணக்கிறது.

இந்தப் பக்கத்தை மேசையில் வேண்டுமென்றே மேலாக வைத்துவிட்டு உலாவப் போனேன். திரும்பி வந்தபோது ஓரத்தில் இப்படி இருந்தது:

[ஒட்டுக்குக் கீழ ஒரு கிளை முளைச்சா, பார்த்த அன்னைக்கே வெட்டணும். விட்டா அது சத்தையெல்லாம் குடிச்சிட்டு மேல இருக்கிற இனிப்பைக் கொன்னுடும். எங்க ஊருல பாலகனுக்கும் தெரியும். நீ எழுதினது சமாதானமா, மிரட்டலா?]

ஆரஞ்சுத் தோப்புக்காரரின் மகளிடம் மரத்தை வைத்துத் தத்துவம் பேசக்கூடாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

முடிவு இ: "அவன் வெள்ளைப் பெயிண்ட் வாளியைக் கையில்"

[தொட்டுத்தான் பாரு.]

சரி. வெள்ளிக்கிழமைக்கே போகிறேன்.

7

வெள்ளிக்கிழமை அஸர் முடிந்து லல்லா ஸகிய்யா வந்தார். கழுத்தில் சங்கிலியோடு தொங்கும் கண்ணாடி, கையில் பெரிய தோல் பை. துர்ரா சமையலறையில் இருந்தாள். ரவூஃப் சுவரைக் காட்டினான். அவர் வலது கீழ்க்கிளையைச் சுட்டிக் கேட்டார். அப்போது ரவூஃப் நிமிர்ந்து நின்று, உடையாத குரலில் சொன்னான்: "லல்லா, இந்தத் தவறு முழுக்க முழுக்க என்னுடையது. என் மனைவியின் கை ஒரு இடத்திலும் தவறவில்லை. அறியாமையாலும் அகந்தையாலும்..."

[நான் சமையலறையில இருந்தேன். அங்கேருந்து எல்லாம் கேட்கும். நீங்க இதைச் சொல்லல, சீதி ரவூஃப். நீங்க என்ன சொன்னீங்கன்னு நான் எழுதட்டுமா?]

வேண்டாம். நானே எழுதுகிறேன்.

லல்லா ஸகிய்யா வாசலில் நின்றபடியே சுவரைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சுவிட்ச் இருந்த பழத்தைத் தட்டி விளக்கைப் போட்டார், அணைத்தார், மறுபடியும் போட்டார், குழந்தை மாதிரி சிரித்தார். "இந்த நிறத்தைப் பார்த்துக்கிட்டு எழுந்திருச்சா மனுஷனுக்கு நாள் நல்லா போகும்" என்றார். சமையலறையில் கோப்பைகள் கலகலத்தன. பிறகு அவர் வலது பக்கம் குனிந்தார்.

"மேல அசல் இனிப்பு மரம். மன்ஸில் பக்கத்து மரம், நூல் கோடு வரைக்கும் போட்டிருக்கா. ஆனா கீழ வந்ததும் நாரஞ்சு ஆகிடுச்சே? பச்சையும் வேற. இந்தப் பழத்துக்கு மீசை எதுக்கு? வீட்டம்மாவுக்குப் பாதியில கை ஓய்ஞ்சு போச்சா?"

சமையலறையில் கோப்பைச் சத்தம் நின்றது.

ஒரு வாக்கியம். அவன் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். பிழை எங்கே, யாருடையது என்று சொல்வதுதான் அவன் தொழில். நாபுல் பூத்தரகர் மகன், மாமனார் வீட்டு மரத்தை அடையாளம் தெரியாமல் அதற்கு இறக்கை ஒட்டினான் என்று கேட்டால், இந்த அம்மாள் எப்படிச் சிரிப்பார் என்பது அவனுக்கு முன்கூட்டியே கேட்டுவிட்டது. அந்தச் சிரிப்பு ஊருக்குள் எந்தெந்தக் கடை வழியாகச் சுற்றி வரும் என்பதும் தெரிந்துவிட்டது.

"காபியில பூநீர் விடட்டுமா, லல்லா?" என்று கேட்டான்.

துர்ரா தட்டோடு வந்தாள். கோப்பைகளை வைத்தாள். லல்லா ஸகிய்யா அவளிடமே நேராகக் கேட்டார்: "என்ன மகளே, கீழ வரும்போது மறந்து போச்சா?"

"மறக்கல, லல்லா," என்றாள் துர்ரா. ரவூஃபை ஒரு கணம் பார்த்தாள். அவன் சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லல்லா ஸகிய்யா காபியைக் குடித்து முடித்தார். எழுந்து பையை எடுத்துக்கொண்டார். "கை இருக்கு உனக்கு. ஆனா எங்கிட்ட ஆறு அறை. ஒரு சுவத்துலயே பாதியில மாறிட்டா எனக்குப் பயமா இருக்கு. யோசிச்சுச் சொல்றேன்," என்றார்.

அது நடந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. அவர் அழைக்கவில்லை. துர்ரா பெயிண்ட் பெட்டியைத் துணியில் சுற்றி அலமாரி மேல் வைத்துவிட்டாள். பள்ளிக்குப் போகிறாள், வருகிறாள், பிள்ளைகள் வரைந்ததற்கு மார்க் போடுகிறாள். என்னிடம் பேசாமல் இல்லை. கேஸ் சிலிண்டர் தீர்ந்தது, நஸீஹாவுக்கு முழங்கால் வலி, ரொட்டி வாங்க வேண்டும் என்றெல்லாம் பேசுகிறாள். எல்லாம் 'சீதி' போட்டு, மரியாதையாக.

(எங்கோ 'அவன்' போய் 'நான்' வந்துவிட்டது. திருத்தவில்லை. அந்த அறையில் சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்தவன் நான்தான். அவளுடைய ஆறு அறையைவிட எனக்கு ஒரு சிரிப்பு பெரிதாகப் பட்டது. இதை எழுதும்போது காது சுடுகிறது.)

8

மேற்கண்ட பக்கங்களை நேற்று மேசையில் வைத்தேன். இன்று காலை கடைசித் தாளின் அடியில் இது இருந்தது:

[கதை நல்லா வந்திருக்கு. ஆனா லல்லா ஸகிய்யா கதை படிக்கிற ஆளு இல்ல. அவங்க நம்பர் ஃபிரிட்ஜ் மேல ஒட்டியிருக்கு.]

ஆக, இத்தனை பக்கமும் நான் எதற்கு எழுதினேன் என்பது அவளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் தப்பிக்க ஒரு கதையையே எழுதியிருக்கிறேன். பதினொரு தொடக்கம், மூன்று முடிவு, ஒரு பல் மருத்துவர். அந்த ஒரு வாக்கியம் மட்டும் எங்கும் இல்லை.

அதையும் முதலில் தாளில் எழுதிப் பார்த்தேன். பழக்கம் விடவில்லை.

"மதிப்பிற்குரிய லல்லா, அண்மையில் தங்கள் வருகையின்போது நேர்ந்த ஒரு சிறு"

"லல்லா, சில சூழ்நிலைகளின் காரணமாகச் சுவரின் கீழ்ப்பகுதியில்"

"லல்லா, ஒரு வேடிக்கையான விஷயம் சொல்லட்டுமா, என் தம்பி ஒருத்தன்"

எனக்குத் தம்பி கிடையாது.

தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு எண்ணை அழுத்தினேன். துர்ரா சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மணி நான்கு முறை அடித்தது. எடுக்க மாட்டார் என்ற நம்பிக்கை எனக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில் எடுத்துவிட்டார்.

"அல்லோ, யாரு?"

"லல்லா, நான் நாபுல்லேருந்து ரவூஃப் பேசுறேன். துர்ரா வீட்டுக்காரன்."

"சொல்லுப்பா."

"அந்த இலைங்களுக்கு இறக்கை வச்சது நான். துர்ராவைக் கேட்காம, அவ இல்லாதப்ப வச்சேன். பழத்துக்கு மீசையும் நான்தான். அவ வரைஞ்சதுல ஒரு தப்பும் இல்ல."

சமையலறையில் கீரை ஆய்வது நின்றது.

"நீ எந்த வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார் லல்லா ஸகிய்யா.

சொன்னேன்.

"பூத்தரகர் வீடா?"

"ஆமா, லல்லா."

"பூத்தரகர் மகனுக்கு இனிப்பு மரம் எது, நாரஞ்சு எதுன்னு தெரியலையா?"

"தெரியல, லல்லா."

நான் எதிர்பார்த்த சிரிப்பு வந்தது. எதிர்பார்த்ததைவிட நீளமாக வந்தது. நடுவில் அவருக்கு இருமல் வந்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் சிரித்தார். நான் காதை எடுக்காமல் முழுக்கக் கேட்டேன். சிரித்து முடித்த பிறகு துர்ராவைப் பற்றி ஒன்று சொன்னார்.

அதை நான் எழுதப்போவதில்லை. துர்ராவிடம் சொல்லிவிட்டேன். அது அவளுடைய மார்க், அவள் விரும்பினால் ஊருக்குச் சொல்லட்டும். நீங்கள் உங்கள் விருப்பப்படி முடித்துக்கொள்ளுங்கள். ஆறு அறையும் கொடுங்கள், மூன்று கொடுங்கள், ஒன்றுமே கொடுக்காமல் விடுங்கள். ஒட்டுமரம் மட்டும் வேண்டாம்.

இதை எழுதிவிட்டு ரொட்டி வாங்கப் போனேன். வந்து பார்த்தால் தாளின் மேல், தலைப்பில் ஒரு சொல்லைச் சுற்றி ஆரஞ்சு வட்டம். பக்கத்தில்:

[நாப்பத்து மூணு இல்ல, நாப்பத்து நாலு. நீ எண்ணாம விட்டது ஒண்ணு கதவுக்குப் பின்னால போன கிளையில இருக்கு. எண்ணிப் பாரு, ரவூஃப்.]

'சீதி' இல்லை. தாளின் மேல் அவளுடைய சின்னத் தூரிகை கிடந்தது. மயிர் ஈரமாக இருந்தது. யாருக்காக நனைத்து வைத்தாள், அவளுக்கா எனக்கா என்று கேட்கப் போகிறேன். இந்தமுறை தொடுவதற்கு முன்னால் கேட்டுவிடுகிறேன். அதற்கு முன் கதவைச் சாத்திவிட்டு எண்ண வேண்டும்.